ஏட்டில் தூங்கிய டிரைவர்

(ஏற்காட்டில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் சேலத்திலிருந்து பஸ்ஸில் ஏறி வந்தபோது, படிக்கிற காலத்தில் செய்ததைப் போலவே நண்பர்கள் கொண்டை ஊசி வளைவுகளைச் சத்தம் போட்டு எண்ணினார்கள். இருபதும் எண்ணி முடித்துக் கைதட்டினார்கள். ஒரு வளைவில் மட்டும் நான் எண்ணவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘லாரித் தொழிலும் புதிய கருவிகளும்’. சற்று முன் டீ குடிக்கும்போது இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் வந்து, “சார், வெளிநாட்டுல டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டுறார்னு மெஷினே எழுதிடுதாமே, அதை ஏமாத்த முடியுமா?” என்று கேட்டார். எழுதி வந்த பேச்சை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

ஏமாற்ற முடியும். ஆனால் யார் ஏமாற்றுகிறார்கள், யாருக்காக என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதலில் சட்டம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வகுத்தது. தொலைதூர வண்டிகளுக்கு அனுமதியோடு நாளைக்கு 10 மணி வரை. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி ஓய்வு. இது 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கான சட்டம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 91-ஆம் பிரிவில், போக்குவரத்து வண்டி ஓட்டும் யாருக்கும் அதே நேரம்தான் என்று சொன்னது. பழைய 1961 சட்டம் அண்மையில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. 8 மணி என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

சங்ககிரி, நாமக்கல் பக்கத்து நண்பர்கள் சிரிப்பது தெரிகிறது. எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வண்டியை ஓரங்கட்டும் டிரைவரை நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

1994-இல் எங்கள் அப்பாவுக்கு மூன்று லாரிகள் இருந்தன. நான் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். வீட்டில் கையெழுத்து நன்றாக இருப்பவன் என்று டிரைவர்களின் வேலைநேரப் பதிவேட்டை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. வண்டியில் போவது ஒரு டிரைவர், ஒரு கிளீனர். ஏட்டில் மட்டும் இரண்டு டிரைவர். இரண்டாவது பெயர் எங்கள் சொந்தக்காரர் ஒருவருடையது. அவர் அந்த லாரியின் படியில் கால் வைத்ததுகூட இல்லை. முதல் டிரைவர் தூங்கிய நேரத்தையெல்லாம் நான்தான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதுவேன்.

அந்த வருடம் மகாராஷ்டிராவிலிருந்து பருப்பு லோடு ஏற்றிக்கொண்டு எங்கள் டிரைவர் சேலம் லீ பஜாருக்கு நடுராத்திரி வந்து சேர்ந்தார். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். விடிவதற்குள் லோடு இறக்கியாயிற்று. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரம் ஏற்றக் காத்திருக்கிறது, இப்போதே மேலே போ என்று தகவல் அனுப்பினோம். அவரும் போனார். மரம் ஏற்ற மத்தியானம் வரை ஆயிற்று. இறங்கும்போது ஒரு வளைவில் ஒரு நிமிடம் கண் அசந்துவிட்டார். வண்டி தடுப்புச் சுவரில் மோதி நின்றதால் பள்ளத்தில் விழவில்லை. ஆனால் கிளீனர் பையனின் வலது கை நசுங்கிவிட்டது. அந்தக் கை பிறகு சரியாகவே இல்லை. காலையில் நான் எண்ணாமல் விட்ட வளைவு அதுதான்.

விசாரணை வந்தது. பதிவேட்டைக் கேட்டார்கள், கொடுத்தோம். இரண்டு டிரைவர் இருந்தார்கள், இவர் போதுமான அளவு தூங்கியிருக்கிறார் என்று என் கையெழுத்தே சாட்சி சொன்னது. வண்டி முதலாளி மேல் குற்றமில்லை, டிரைவரின் கவனக்குறைவுதான் என்று முடிந்தது. அவருடைய லைசென்ஸை சில மாதங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் அப்பாவிடம் ஒன்றும் பேசவில்லை. என்னிடம்தான் கேட்டார்: “ஏனுங்க தம்பி, நான் தூங்குனதா எழுதியிருக்கீங்களே, அது எப்பங்க?”

இன்று வரை என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பொய்யில் அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அது எங்களைக் காப்பாற்றி, அவரை மாட்டிவிட்டது.

இப்போது கருவிக்கு வருவோம். அமெரிக்காவில் கையால் எழுதிய ஏட்டுக்கு லாரிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘காமிக் புத்தகம்’. அதை ஒழிக்க 2017 டிசம்பரில் மின்னணுப் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். அது எஞ்சினோடு இணைந்தது. வண்டி நகர்ந்தால் தானே எழுதும். அங்கே 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம், பிறகு தொடர்ந்து 10 மணி ஓய்வு.

அதையும் தாண்டினார்கள். வண்டியில் இல்லாத ஒருவர் பெயரில் கணக்குத் திறந்து அதில் ஓட்டினார்கள். சரக்கு வேலையாக ஓடியதை ‘சொந்த வேலைக்கு ஓட்டியது’ என்று குறித்தார்கள். 2000-க்கு முந்தைய எஞ்சினுக்கு விலக்கு உண்டு என்பதால் சிலர் பழைய வண்டிக்குப் போனார்கள். ஐரோப்பாவில் டாக்கோகிராப் என்ற கருவி. அங்கே கியர்பாக்ஸ் சென்சார் மேல் ஒரு காந்தத்தை வைத்துவிடுவார்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும், கருவி ‘ஓய்வு’ என்று எழுதிக்கொண்டிருக்கும். 2019-க்குப் பின் வந்த கருவிகள் செயற்கைக்கோள் காட்டும் இடத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதால் காந்தத்துக்கு வேலை குறைந்தது. அடுத்தவர் கார்டைச் செருகும் வித்தை மட்டும் இன்னும் போகவில்லை.

கவனித்தீர்களா? திண்ணையில் நான் எழுதிய ‘இரண்டாவது டிரைவர்’ அமெரிக்காவில் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறார், ஐரோப்பாவில் கார்டாக இருக்கிறார். கருவி வண்டியைத் துல்லியமாகக் கணக்கெடுக்கும். ஸ்டியரிங் பிடித்திருப்பது யார் என்பதை மட்டும் அது மனிதனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பொய் புகுவது அந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாட்டுப் பேராசிரியர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். கருவி வந்தபின் நேர விதிமீறல் குறைந்தது உண்மை. ஆனால் விபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. சிறிய நிறுவனங்களின் வண்டிகளில் அதிவேகம் கூடியிருந்தது. ஏன்? அங்கே பெரும்பாலான டிரைவர்களுக்கு மைல் கணக்கில் கூலி. நேரத்தைச் சுருக்கினால் வேகத்தில் ஈடுகட்டத்தானே பார்ப்பார்கள்?

நம் ஊருக்கு வாருங்கள். லாரி டிரைவரின் நேரத்தை எழுதும் கருவி இங்கே எல்லா லாரிக்கும் கட்டாயமாகவில்லை. 2021 செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, விமானிகளைப் போல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரம் வகுக்க வேண்டும், தூக்கக் கலக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவியும் வேண்டும் என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் பாதிக் கருவி ஏற்கெனவே வந்துவிட்டது. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். ஓமலூர் சுங்கச்சாவடியை வண்டி எத்தனை மணிக்குத் தாண்டியது, வைகுந்தம் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது நிமிடக் கணக்கில் பதிவாகிறது. இ-வே பில் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் அவகாசம் தருகிறது. சரக்கு நிதானமாகப் போகலாம் என்றுதான் அந்தக் காகிதம் சொல்கிறது. டிரைவரை விரட்டுவது அந்தக் காகிதமல்ல. நடைக்கு இவ்வளவு என்று பேசிய கூலியும், தவணை கட்ட வேண்டிய முதலாளியும்தான்.

லோடு ஏற்ற ஒரு நாள் காத்துக்கிடந்தால் அந்த நாளுக்கு யார் கூலி தருகிறார்கள்? யாருமில்லை. போன நேரத்தை ராத்திரித் தூக்கத்தில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

ஆகவே கேள்வி கேட்ட தம்பிக்கும், கருவி செய்யப் போகும் மற்றவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். சக்கரம் ஓடிய நேரத்தை மட்டும் எழுதாதீர்கள். குடோன் வாசலில் வண்டி காத்துக்கிடந்த நேரத்தையும் எழுதுங்கள். அந்தப் பதிவின் ஒரு நகல் டிரைவர் கையிலும் இருக்கட்டும், முதலாளி மட்டும் திருத்த முடியாதபடி இருக்கட்டும். அப்படி ஒரு நகல் அன்று எங்கள் அண்ணனிடம் இருந்திருந்தால் என் கையெழுத்து ஜெயித்திருக்காது. தொழிலில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போது புதிதாகத் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நல்லது. அந்தக் குளிரில் அவர் தூங்க நேரமும் கொடுங்கள். காத்திருக்கும் நாளுக்குப் படி கொடுங்கள். ஏட்டில் இரண்டு டிரைவர் இருந்தால் வண்டியிலும் இரண்டு பேர் ஏறட்டும்.

மாலையில் மலை இறங்கும்போது பஸ் டிரைவரிடம் மத்தியானம் சாப்பிட்டாரா, கொஞ்சம் படுத்தாரா என்று யாராவது ஒருவர் கேளுங்கள். நானும் கேட்பேன்.