எந்தக் கப்பல், எந்தப் பாதை, எந்தத் துறைமுகம்?

(நூற்றாண்டு ஒன்றுகூடலின் மாலை அமர்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டின் நினைவாக எல்லோரும் சேர்ந்து ஒரு உல்லாசக் கப்பற் பயணம் போகலாம் என்று வெளிநாட்டுக் கிளைகள் யோசனை சொல்லியிருக்கின்றன. மூன்று விளம்பரங்களும் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று மத்தியதரைக் கடல், ஒன்று அலாஸ்கா, ஒன்று சிங்கப்பூர். நான் பல வருடம் டிக்கெட் வேலையில் இருந்தவள் என்பதால் இவற்றில் எது நல்லது என்று என்னிடம் கேட்டார்கள். நான் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். கண்டக்குழியில் இருக்கிற தோழிகளும் ஏறக்கூடிய கப்பல் எது? அவர்களில்லாமல் போவதென்றால் அதற்கு நூற்றாண்டுப் பயணம் என்று பெயர் வைக்கத் தேவையில்லை.

முதலில் கப்பல். விளம்பரத்தில் ‘இத்தனை தொன்’ என்று போட்டிருப்பது எடை அல்ல, கப்பலின் உள்ளிடத்தின் அளவு. அந்த எண்ணைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐகொன் ஒஃப் த சீஸ்’ 248,663 தொன். அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் 5,610 பேர். வகுத்தால் 44 வரும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்துபோன ‘எம்பிரஸ்’ 1990இல் கட்டிய பழைய கப்பல். ஏறத்தாழ 48,500 தொன், 1,600 பேர். வகுத்தால் 30. எண் கூடக்கூட ஆளுக்குக் கிடைக்கும் இடம் கூடும், சாப்பாட்டு மண்டபத்து வரிசை குறையும். ஆனால் பெரிய கப்பலில் வேறொரு கஷ்டம் உண்டு. முழங்கால் வலிக்காரருக்கு அறையிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்கு நடப்பதே ஒரு பயணம். எங்கள் வயதுக்கு மின்தூக்கிக்குப் பக்கத்து அறையைக் கேட்டு வாங்குவது, பல்கனி உள்ள அறையை விடப் பெரிய காரியம். ஆட்டம் பயமென்றால் கீழ்த்தட்டில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுங்கள். போட்டில் போய் வந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அணியம்தான் அதிகம் தூக்கிப் போடும்.

அடுத்தது காலமும் பாதையும். கச்சான் அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை நம் கடல் எப்படி இருக்கும் என்று தெரியும். டொல்பின் பார்க்கக் கூட்டிப் போகும் போட்டுகளும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். மற்றக் கடல்களுக்கும் இப்படிக் கணக்குண்டு. கரிபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். அதனால்தான் அப்போது விலை இறங்குகிறது. அலாஸ்காவுக்குக் கோடையில் மட்டுமே கப்பல் போகும். அது ஆகஸ்ட்டென்றால் தலவில அன்னம்மாள் திருவிழாவை விட்டுவிட்டு வரச்சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள். நோன்பு மாதத்தையும் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். ஹலால் சாப்பாடு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்க வேண்டும், ஏறிய பிறகு அல்ல.

இனி விசா. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இது ஞாபகமே வராது. அலாஸ்காப் பயணம் வன்கூவரிலிருந்து புறப்பட்டால் இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் கனடா விசாவும் வேண்டும், அமெரிக்க விசாவும் வேண்டும். ‘அப்படியானால் சியாட்டிலிலிருந்து போவோம்’ என்று ஒரு தங்கை சொன்னார். அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடிக் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் ஆட்களை ஏற்றிச் செல்லக்கூடாது. அதனால் அந்தக் கப்பலும் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும். ஆக, இரண்டு விசாவும் வேண்டியதாகவே இருக்கிறது.

மத்தியதரைக் கடலுக்கு ஷெங்கன் விசா. இத்தாலியில் ஏறி, நடுவில் துருக்கியில் நின்று, திரும்பக் கிரேக்கத்துக்குப் போகும் பாதையென்றால், ஒரு தடவை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது. பலமுறை நுழைய விடும் விசாவைக் கேட்டு வாங்க வேண்டும்.

துறைமுகப் பெயர்களையும் அப்படியே நம்பக்கூடாது. விளம்பரத்தில் ‘ரோம்’ என்று இருக்கும். கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியாவில். அங்கிருந்து ரோமுக்கு எழுபது கிலோமீற்றருக்கு மேல். ‘பாங்கொக்’ என்றால் லெம் சபாங், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். காலை எட்டுக்கு வந்து மாலை ஐந்துக்குப் புறப்படும் கப்பலில், போய்வரும் நேரத்தைக் கழித்தால் ஊர் பார்க்க எவ்வளவு மிஞ்சும்? சந்தொரினியில் கரையோடு அணைக்காமல் சிறு படகில் இறக்குவார்கள். பிறகு மேலே ஊருக்குப் போகக் கேபிள் கார், இல்லாவிட்டால் 500க்கு மேற்பட்ட படிகள். ஊன்றுகோலோடு வந்திருக்கும் நம் அக்காமார் அன்று கப்பலிலேயே இருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு துறைமுகத்திலும் இரண்டு விஷயம் கேளுங்கள். கப்பல் கரையோடு அணையுமா? அங்கிருந்து ஊர் எவ்வளவு தூரம்?

இப்படிப் பார்த்துக்கொண்டு போனால் எனக்குக் கடைசியில் நிற்பது சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியே போகும் நாலு நாள் பயணம்தான். கொழும்பிலிருந்து சுமார் நாலு மணி நேர விமானம். சிங்கப்பூருக்குள் போக நமக்கு முன்கூட்டி விசா தேவையில்லை, இணையத்தில் வருகைப் பத்திரம் நிரப்பினால் போதும். மலேசியாவுக்கு இணையவழி விசா எடுத்துக்கொள்ள வேண்டும். நீரிணை இருபுறமும் நிலத்தால் மறைந்தது, அலை குறைவு. பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுனின் கரையோடு அணையும். இறங்கி நடந்தால் மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தமிழ்க் கடைகள். பஸ் பிடிக்கத் தேவையில்லை, மொழிக்கும் கஷ்டமில்லை. பனிமலை பார்க்க ஆசைப்பட்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பனிமலையைக் குடும்பத்தோடு பார்த்துக்கொள்ளலாம்.

நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடும் படகில் போகலாமே என்று ஒரு டீச்சர் கேட்டார். 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்ட்டில் திரும்ப ஓடியது. அது நல்ல சேவை. ஆனால் நாலு மணி நேரத்தில் கரை சேர்ந்துவிடும், நாங்கள் கதைத்து முடிக்க அது போதாது.

கடைசியாகப் பணம். விளம்பர விலை அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஆளுக்கு உரிய விலை. துறைமுகக் கட்டணம், வரி, நாளாந்தச் சேவைப் பணம், கரைச் சுற்றுலா எல்லாம் அதற்கு மேல். கப்பல் வைத்தியருக்கு டொலரில்தான் கட்ட வேண்டும், ஆகவே காப்புறுதி இல்லாமல் ஏறவேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் அதைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

இதில் ஒரு கணக்கை மட்டும் நிதானமாகக் கேளுங்கள். தனியாக வருபவர் ஓர் அறையை எடுத்தால் பெரும்பாலும் இருவர் கட்டணம் வரை கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து பெயர் தந்தவர்களில் பலர் தனியாகத்தான் வருகிறார்கள். அதாவது ஒவ்வோர் அறையிலும் ஒரு கட்டில் பணம் கட்டப்பட்டும் வெறுமையாகக் கிடக்கப்போகிறது. அந்தக் கட்டிலில் கண்டக்குழித் தோழி ஒருத்தி படுத்தால் மேலதிகமாக வருவது துறைமுகக் கட்டணம், வரி, சேவைப் பணம், விமான டிக்கெட், விசா மட்டுமே. இதைத் தருமம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் ஒரே அறையில் படுக்கிறார்கள், அவ்வளவுதான். யார் யாரோடு என்பதை வகுப்பு வாரியாக நீங்களே பேசிக்கொள்ளுங்கள். குறட்டை விடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கடவுச்சீட்டு, பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். இதுவரை எடுக்காதவர்கள் பத்தரமுல்லைக்கோ குருநாகலுக்கோ போய் எடுக்கலாம். தனியாக அலைய வேண்டாம், ஒரு வேன் பிடித்துச் சேர்ந்து போவோம், நானும் வருகிறேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருப்பவர்கள் இன்று இரவு சாப்பாட்டுக்கு முன் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். அதைத் திருத்தத்தான் அதிக நாள் எடுக்கும்.