கட்டிலருகே நிற்பவரின் சொல்

செவிலியர் அறம் பற்றிய இக்கருத்தரங்கைத் திருநின்றவூரில் கூட்டியவர்களுக்கு என் பாராட்டு. பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர் இது. இருதயாலீசுவரர் சந்நிதிக்கு இன்றும் இதய நோயாளிகள் வேண்டிக்கொண்டு வருகிறார்கள். வெளியே தெரியாத உழைப்பைப் போற்றும் ஊரில், இரவு டியூட்டி பார்ப்பவர்களைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

நோயாளியின் விருப்பம், நன்மை, தீங்கின்மை, நீதி என்ற நான்கு நெறிகளும் உங்களுக்குப் பாடம். அனைத்துலகச் செவிலியர் பேரவை 1953-லேயே அறநெறிகளை வகுத்துவிட்டது. அவற்றை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. நெறிகள் ஒன்றோடொன்று முட்டும்போது யாருடைய சொல் எடுபடுகிறது? எனக்கு அதுதான் கேள்வி.

அருணா ஷான்பாக் மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர். 1973 நவம்பர் 27 அன்று பணியிடத்திலேயே ஒரு வார்டு ஊழியரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, கழுத்து இறுக்கப்பட்டதில் அவர் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 2015 மே 18-இல் இறக்கும்வரை அதே மருத்துவமனையில்தான் கிடந்தார். உணவூட்டுவதை நிறுத்தி அவரை விடுவிக்க வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் சென்றார். அவர் கோரிக்கையிலும் இரக்கம் இருந்தது. செவிலியர்களோ இசையவில்லை. அருணாவுடன் வேலை செய்தவர்கள் ஓய்வுபெற்றுப் போக, அவரைப் பேசக் கேட்டே இராத இளைய தலைமுறை வந்து ஊட்டிற்று, துடைத்தது, உடை மாற்றிற்று. அத்தனை ஆண்டுகளில் உடம்பில் ஒரு படுக்கைப்புண் இல்லை. இதன் பெருமை உங்களுக்குத் தெரியும். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சில நாள் தவறினால் போதும், இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, கொப்புளித்து, எலும்புவரை அரித்துவிடும்.

2011 மார்ச் 7-இல் நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளியது. அருணாவுக்காகப் பேசும் உரிமை, இரவும் பகலும் அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது. செவிலியர்கள் எடுத்த முடிவு சரியா என்பதில் நமக்குள் கருத்து வேறுபடலாம். ஆனால் அவர்களைக் கேட்டார்கள். கண்ணியமான மரணத்துக்கான உரிமையை உச்ச நீதிமன்றத்தின் 2018 மார்ச் 9 தீர்ப்பு ஏற்றது. அதற்கான நடைமுறையை 2023-இல் எளிமையாக்கினார்கள். உயிர்காக்கும் கருவியை நிறுத்தலாமா என்று அதில் முடிவு செய்யும் மருத்துவக் குழுக்களில் செவிலியருக்கென்று ஓரிடம் இல்லை. இதை நான் குறையாகவே சொல்கிறேன்.

உயிர்காக்கும் கருவியை நிறுத்தும் முடிவு எல்லா நாளும் வருவதில்லை. நம் மாவட்டத்தில் அன்றாடம் வருவது வேறு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். இயந்திரத்தில் கை நசுங்கி ஒரு பையன் வருகிறான் என்று வையுங்கள். விரலை எடுக்க வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. கூடவந்த சூப்பர்வைசர்தான் மொழிபெயர்க்கிறார். விபத்து எப்படி நடந்தது என்று எழுதுவதில் அவருக்கும் ஓர் அக்கறை உண்டு. பையன் தலையாட்டுகிறான், கைநாட்டும் விழுகிறது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது பக்கத்தில் நிற்கும் சிஸ்டருக்குத் தெரிகிறது. தியேட்டர் தயார், டாக்டர் காத்திருக்கிறார். சிஸ்டர் வாய் திறந்தால், "உனக்கெதற்கு?" என்ற சொல்தான் முதலில் வரும். தனிமனிதத் துணிச்சலை நம்பி ஒரு தொழிலின் அறத்தை நடத்துவது நியாயமன்று. பேசினால் வேலை போகாது என்ற உறுதியை நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும்.

ஆகவே, பிற்பகல் அமர்வில் மூன்று தீர்மானங்களை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். ஒப்புதல் படிவங்கள் இந்தியிலும் ஒடியாவிலும் வேண்டும். மொழிபெயர்ப்பவர் வேலைகொடுப்பவரின் ஆளாக இருக்கக் கூடாது. நோயாளிக்குப் புரியவில்லை என்று செவிலியர் கேஸ் ஷீட்டில் எழுதினால், உயிருக்கு ஆபத்தான நேரம் தவிர, மருத்துவர் மீண்டும் விளக்கிய பிறகே சிகிச்சை தொடர வேண்டும். இவற்றை நிறைவேற்றி, மாவட்டத்தின் ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.