பால்பெக்கின் தூண்களும் க்ஸாராவின் குகையும்

லெபனான் தேசத்தில் அமைதி நிலவும் நாட்களில், பெய்ரூத் நகரிலிருந்து காலையில் காரில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய பிரயாணம் ஒன்று உண்டு; புராதனச் சின்னங்களில் சிறிதளவேனும் ருசி உள்ளவர்கள் அதைத் தவறவிடலாகாது என்பது என் கட்சி. கடற்கரையை விட்டதும் மலைப்பாதை தொடங்குகிறது. 1,500 மீட்டருக்கு மேல் ஏறி, குளிர்காலத்தில் வெண்பனி மூடிக் கிடக்கும் கணவாயைத் தாண்டி இறங்கினால், இருபுறமும் மலைத்தொடர்கள் காவல் நிற்க, கோதுமையும் உருளைக்கிழங்கும் திராட்சையும் விளையும் பெக்கா சமவெளி கண்முன் விரிகிறது. அதன் வடபகுதியில், பெய்ரூத்திலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, ரோமர்கள் ஹீலியோபோலிஸ் என்று அழைத்த பால்பெக்.

ஒரு காலத்தில் 54 தூண்கள் சூழ நின்ற ஜூபிட்டர் ஆலயத்தில் இன்று நிற்பவை ஆறே ஆறு. 1759-ஆம் ஆண்டுப் பூகம்பம் வரையில் ஒன்பது நின்றனவாம். ஏறத்தாழ 20 மீட்டர் உயரமுள்ள அவற்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்குக் கழுத்து வலிக்குமே தவிர, அந்த உயரம் மனத்தில் பிடிபடாது. கீழே உருண்டு கிடக்கும் தூண்துண்டு ஒன்றின் அருகே போய் நின்று, அதன் குறுக்களவே தன் தலைக்கு மேல் போவதைக் கண்ட பிறகுதான் விஷயம் விளங்கும். இந்த ஆலயத்தின் மேற்குப்புற அடித்தளத்தில், ஒவ்வொன்றும் 800 டன் அளவுக்கு எடையுள்ள மூன்று கற்களை, இடைவெளி தெரியாமல் வரிசையாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். இது மனித யத்தனமே அல்ல, வேற்றுக் கிரகத்தார் வந்து செய்தது என்று புத்தகம் எழுதிப் பணம் பண்ணியவர்களும் உண்டு. அவர்கள் ஊருக்கு வெளியே உள்ள கல்வெட்டுங்குழியைப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே 1,000 டன் எடையுள்ள கல்லொன்று செதுக்கியபடியே கிடக்கிறது. அதன் அருகில், மண்ணுக்கு அடியில், அதைவிடப் பெரிதான இன்னொன்றை 2014-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். வானத்திலிருந்து வந்தவர்களாக இருந்தால் அவற்றையும் தூக்கிக்கொண்டு போய் வைத்திருப்பார்கள் அல்லவா? ஆசையை மிஞ்சவிட்டு, நகர்த்த மாட்டாமல் கைவிடுவது மனித ஜாதியின் வழக்கம்தானே!

ஜூபிட்டரின் ஆலயம் இப்படிச் சிதைந்து போக, அதன் பக்கத்திலேயே, மதுவின் தெய்வமான பேக்கஸின் பெயரால் வழங்கும் சிறிய ஆலயம் பெரும்பாலும் முழுமையாக நிற்கிறது. சிறியது என்பது அண்டை வீட்டாரோடு ஒப்பிட்டுச் சொன்னது. ஏதென்ஸின் பார்த்தெனானுக்கு அது அளவில் சளைத்ததன்று. அதன் வாயிற்சட்டத்தில் திராட்சைக்கொடியும் கசகசாக் காய்களும் கோதுமைக் கதிர்களும் ஒன்றோடொன்று பின்னி ஏறுகின்றன. மேல்விட்டத்தின் நடுக்கல், அந்த 1759-ஆம் ஆண்டு அதிர்ச்சியில் பிடி தளர்ந்து கீழே சரிந்து, விழுந்துவிடாமல் அந்தரத்திலேயே நெடுங்காலம் தொங்கியதால், பிற்காலத்தில் அதற்குச் செங்கல் தூண் ஒன்றை முட்டுக்கொடுத்திருந்தார்கள். இப்போது அதை உரிய இடத்தில் ஏற்றி வைத்துவிட்டார்கள். உட்சுவர்களில், கைக்கெட்டாத உயரத்தில், பழைய யாத்திரிகர்கள் தங்கள் பெயர்களைக் கீறியிருப்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும். ஏணி வைத்து ஏறியவர்கள் அல்லர் அவர்கள். அக்காலத்தில் இடிபாடுகளும் மண்ணும் அவ்வளவு உயரத்துக்கு மூடிக் கிடந்தன. அந்த மண்ணே ஆலயத்தைக் காப்பாற்றியும் தந்தது.

மண்ணை அகற்றும் வேலைக்கு வழிவகுத்தது, 1898-இல் ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் பரிவாரங்களோடு இங்கே வந்து போன விஜயம். அவர் பார்த்து வியந்ததன் பலனாக ஜெர்மானிய அறிஞர்கள் வந்து, 1905 வரையில் அகழ்ந்தார்கள். அதே 1898-இல்தான் தெற்கே, சஹ்லே நகரை அடுத்த க்ஸாரா பண்ணையிலும் ரோமர் கால வேலைப்பாடு ஒன்று வெளிப்பட்டது என்பதும், அதைக் கண்டவர்கள் அறிஞர்கள் அல்லர், அநாதைச் சிறுவர்கள் என்பதும் சரித்திரத்தின் குறும்புகளில் ஒன்று. கோழிக்கூட்டைச் சூறையாடி வந்த நரியோ வேறு பிராணியோ ஒன்றைத் துரத்திக்கொண்டு போனவர்கள், அது நுழைந்த பொந்தைத் தோண்ட, உள்ளே பெரிய குகை இருந்ததாம். ரோமர்கள் அதன் கூரையைப் பலப்படுத்திச் சுற்றுப்புறச் சுண்ணப்பாறையில் குறுகிய சுரங்கங்களும் வெட்டியிருந்ததாகச் சொல்கிறார்கள்.

அந்தப் பண்ணையின் சொந்தக்காரர்கள் இயேசு சபைத் துறவிகள். நம் வீரமாமுனிவர் சார்ந்திருந்த அதே சபைதான். அவர்கள் 1857-இல் அல்ஜீரியாவிலிருந்து திராட்சைக் கொடிகளை வருவித்து, லெபனானில் முதன்முதலாக இனிப்பில்லாத சிவப்புத் திராட்சை மதுவை உண்டாக்கினார்கள். கோடையில் வெயில் தகிக்கும் அந்தச் சமவெளியில் மதுவைப் பக்குவம் கெடாமல் வைத்துக் காக்க எந்த இயந்திரமும் தரமுடியாத வசதியைக் குகை தந்தது: ஆண்டு முழுவதும் 11 முதல் 13 டிகிரி வரையில் மாறாத குளிர்ச்சி. முதல் உலகப் போரின்போது லெபனானைக் கொடிய பஞ்சம் பீடித்த காலத்தில், பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுக்கவென்றே சுரங்கங்களை மேலும் நீட்டினார்கள் என்பார்கள். இப்போது அவற்றின் மொத்த நீளம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். வெளியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வருகிறவன் இரண்டு படி இறங்குவதற்குள் மேல்துணியைத் தேடுகிறான். மங்கிய விளக்கொளியில் மரப்பீப்பாய்களும், புழுதி படிந்து படுத்த வாக்கில் அடுக்கிய புட்டிகளும் கண்ணுக்கெட்டிய மட்டும் போகின்றன. ரோமர்கள் வானளாவக் கட்டியது வேடிக்கைப் பொருளாகிவிட, பூமிக்குள் குடைந்தது மட்டும் இன்றும் உத்தியோகத்தில் இருக்கிறது. துறவிகள் 1973-இல் ஆலையை விற்றுவிட்டார்கள், தொழில் நிற்கவில்லை. மதுவைத் தொடாத நேயர்களும் குகைக்காகவே தாராளமாகப் போகலாம். கிண்ணத்தை நீட்டினால் மறுத்துவிடுவதில் ஒன்றும் அபசாரம் இல்லை.

பெய்ரூத்தின் பிரயாண ஏற்பாட்டாளர்கள் இந்த இரண்டோடு, உமையா கலீபாக்கள் எட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய அஞ்சார் நகரத்தின் இடிபாட்டையும் ஒரே நாளில் சேர்த்துக் காட்டிவிடுவார்கள். எனக்கு அது சம்மதமில்லை. அஞ்சார் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். அதற்கு வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் நேரத்தில் பால்பெக் கடைத்தெருவுக்குப் போனால், கசாப்புக்கடையில் வாங்கிய கொத்திறைச்சியை அடுப்புக்காரரிடம் கொடுத்து, ஸ்ஃபீஹா என்னும் சிறிய சதுர அப்பங்களாகச் சுடச்சுட வாங்கித் தின்னலாம். புலால் உண்ணாதவர்களுக்கு, திரும்பும் வழியில் ஷ்டூரா என்ற ஊரில், நீர் வடித்த கெட்டித் தயிரைத் தடவிச் சுருட்டிய ரொட்டி கிடைக்கும். மலையேறுவதற்கு முன் அங்கே வண்டியை நிறுத்தச் சொல்ல மறக்க வேண்டாம்.