45-ஆம் நாள் ஊசி குழந்தைக்கு, டெஸ்ட் தாய்க்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சுகாதாரத் தன்னார்வலரான குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பத்தி முன்னாடி பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. நான் பேச வந்தது பிள்ளை பெத்தவளோட சர்க்கரையைப் பத்தி.

மாசமா இருக்கும்போது 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கலந்து குடிக்க வெச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுக்கிறாங்க. 140-ம் அதுக்கு மேலயும் இருந்தா கர்ப்பகால சர்க்கரை. வெறும் வயித்தோட வரணும்னு கட்டாயம் இல்லாத இந்த எளிய முறை நாடு முழுக்கப் பரவ பெரிசா பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10-ஆம் தேதியைத்தான் தேசிய கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளா வெச்சிருக்காங்க.

சிக்கல் பிரசவத்துக்கு அப்புறம்தான். கர்ப்பத்துல நஞ்சுக்கொடியில சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை சரியா வேலை செய்ய விடாது. நஞ்சு வெளியே வந்ததும் பெரும்பாலானவங்களுக்கு சர்க்கரை இறங்கிடும். "வயித்துல பிள்ளை இருந்தப்ப வந்துது, பிள்ளையோட போயிடுச்சு"ன்னு வீட்டுல சொல்லிடறாங்க. ஆனா அது உடம்பு முன்கூட்டியே தந்த எச்சரிக்கை. கர்ப்பகால சர்க்கரை வந்த பொண்ணுக்குப் பின்னாடி நிரந்தரமா சர்க்கரை நோய் வர வாய்ப்பு மத்தவங்களை விட ஏழு மடங்குக்கும் மேலன்னு உலக அளவில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவங்க சொல்றாங்க.

அதனாலதான் பிரசவம் ஆகி 6 வாரத்துல தாய்க்கு மறுபடியும் டெஸ்ட் எடுக்கணும்னு மத்திய அரசின் வழிகாட்டுதலே இருக்கு. இது ஏன் விட்டுப்போகுது? மாசமா இருக்கும்போது செக்கப் மாமியார் ஊர்ல. வளைகாப்பு முடிஞ்சதும் அம்மா வீடு, பிரசவமும் அங்கேதான். மூணு மாசமோ அஞ்சு மாசமோ கழிச்சுத் திரும்பி வரா. ரெண்டு ஊர் நர்ஸம்மாவும் மத்தவங்க பார்த்திருப்பாங்கன்னு நினைக்கலாம். உடம்புக்கும் எந்தத் தொந்தரவும் தெரியாது. வீடு முழுக்கக் கவனம் குழந்தை மேல. பொதுவான சர்க்கரைப் பரிசோதனை தேசியத் திட்டப்படி 30 வயசுக்கு மேலதான். 23 வயசுல பிள்ளை பெத்தவளை யார் தேடுவா?

சர்க்கரை இருக்கிறது தெரியாமலே அவ அடுத்த பிள்ளைக்கு உண்டானா, ஆபத்து அந்தக் குழந்தைக்கும்தான். குழந்தையோட இதயமும் முதுகுத்தண்டும் உருவாகிறது முதல் சில வாரங்கள்ல. நாள் தள்ளிப்போனது தெரியறதுக்குள்ளயே, கட்டுப்படாத சர்க்கரை அங்கே குறை உண்டாக்கிடலாம்.

இதுக்கு ஒரு வழி நம்ம கையிலயே இருக்கு. 6 வாரம்னா நாம சொல்ற 45-ஆம் நாள் ஊசி. பெண்டாவேலண்ட் ஊசியும் போலியோ சொட்டும் அன்னிக்குத்தான். அந்த ஊசியை நாம யாரும் மறக்கிறதில்ல. அந்தத் தேதியோட தாயோட டெஸ்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுடுவோம்.

இந்த டெஸ்டுக்கு மட்டும் வெறும் வயித்தோட போகணும். குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், பச்சைத் தண்ணி குடிக்கலாம். முதல்ல ஒரு தடவை, குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை ரத்தம் எடுப்பாங்க. வெறும் வயித்துல 126, இல்லேன்னா ரெண்டு மணி நேரத்துல 200, இதுல எதைத் தொட்டாலும் சர்க்கரை நோய். ரெண்டாவது அளவு 140-லிருந்து 199 வரைக்கும்னா எச்சரிக்கை. மூணு மாச சராசரி டெஸ்ட் அந்த நேரத்துல நம்பகமா இருக்காது. பிரசவத்துல ரத்தம் போயிருக்கும், ரத்த சோகையும் இருக்கலாம். அளவு சரியா இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கணும். தாய்ப்பால் கொடுக்கிறதும், தினமும் கிரிவலப் பாதையில கொஞ்ச தூரம் வேகமா நடக்கிறதும் தாய்க்கும் மருந்து மாதிரி.

2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடாப் போற தன்னார்வலர்கள் நம்ம மாதிரி மகளிர் குழுப் பெண்கள்தான். அதனால இந்தக் கூட்டமைப்பு முன்னாடி மூணு கோரிக்கை வைக்கிறேன்.

ஒண்ணு, ஒவ்வொரு குழுவிலயும் ஒருத்தர், மகளோ மருமகளோ மாசமா இருக்கிற வீடுகளோட பிரசவத் தேதியையும் 45-ஆம் நாளையும் குறிச்சு வெக்கணும். யாருக்கு சர்க்கரைங்கிறது அந்தப் பொண்ணு சம்மதிச்சா மட்டும் அவருக்குத் தெரியட்டும். கூட்டத்துல வாசிக்கக் கூடாது. ஊர்ப் பேச்சுக்குப் பயந்தா யாரும் டெஸ்டுக்கு வர மாட்டாங்க.

ரெண்டு, ஒரு வாரம் முன்னாடியே நர்ஸம்மாகிட்ட குளுக்கோஸ் டெஸ்ட் எங்க, எந்த நாள் காலையிலன்னு கேட்டு வெக்கணும். போற அன்னிக்கு ரெண்டு மணி நேரம் குழந்தையை வெச்சுக்க ஒரு உறுப்பினர் கூடப் போகணும்.

மூணு, பொண்ணு வேற ஊருக்குப் போனா, டெஸ்ட் ரிப்போர்ட்டும் மகப்பேறு அட்டையும் அவ கூடவே போகணும். அந்த ஊர்க் குழுவுக்கு நாம ஒரு போன் பண்ணணும்.

பத்து ரூபாய் வரவு விட்டுப்போனா கணக்கு நோட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்கிறவங்க நாம. ஒரு தாய் விட்டுப்போனா கண்டுபிடிக்க மாட்டோமா? அடுத்த மாதக் கூட்டத்துல இதைத் தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கிறேன்.