கடலுக்கு இன்னும் நூறு அடி
(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயண அனுபவம் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். வங்கி கவுண்டரில் காலம் கழித்தவனுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம்தான். கணக்கு தப்பாமல் பேசி முடித்துவிடுகிறேன்.

என் மனைவி சக்கர நாற்காலியில் இருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பக்கவாதம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகும் நாங்கள் கடற்கரைக்குப் போவதை நிறுத்தவில்லை. துறைக்கும் போவோம், கணபதிபுரத்துக்கும் போவோம். ஆனால் நான் மட்டும் இறங்கி நடந்துவிட்டு வருவேன். அவள் காரிலேயே இருப்பாள். "நீங்க போயிட்டு வாருங்க, நான் இங்க இருந்துக்கிடுதேன்" என்பாள். அதை நான் அவளுடைய விருப்பம் என்றே இத்தனை நாளும் எடுத்துக்கொண்டேன். அது விருப்பம் இல்லை, வேறு வழியில்லாமல் சொன்னது என்பது சென்னையில்தான் எனக்குப் புரிந்தது.

மகள் வீட்டுக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போயிருந்தோம். ஒரு மாலை மருமகன் எங்களை மெரினாவுக்கு அழைத்துப் போனார். அங்கே விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலின் மேல் ஒரு மரப்பாதை போட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பாதை. சுமார் 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள்.

அந்தப் பாதை ஒரே நாளில் வந்துவிடவில்லை. மாற்றுத்திறனாளிகள் தொடர்ந்து கேட்டார்கள். முதலில் சில ஆண்டுகள், டிசம்பர் மாதம் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டார்கள். நிரந்தரப் பாதை அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

நாற்காலியை நான்தான் தள்ளினேன். சுண்டல் விற்கிறவர் ஒதுங்கி வழிவிட்டார். பாதை முடிகிற இடத்தில் நிறுத்தினேன். அலை அதுவரை வரவில்லை. மருமகன் தண்ணீர் பாட்டிலில் கடல்நீர் மொண்டு வந்து அவள் பாதத்தில் ஊற்றினார். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு கடல் அவள் காலை நனைத்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது, "நம்ம ஊர்ல கடல் இதைவிடப் பக்கம்லா?" என்று மட்டும் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மெரினாவில் ஏன் அவ்வளவு நீளப் பாதை வேண்டியிருக்கிறது? மணல் அவ்வளவு அகலம். அந்த மணலுக்கும் ஒரு கணக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டினார்கள். வடக்கு நோக்கி நகர்கிற மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து கடற்கரை அகலமானது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் அங்கே நடைபாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். ஆனால் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. ஒரு பக்கம் வரவு என்றால் மறுபக்கம் பற்று. தூண்டில் வளைவு கேட்டுப் போராடும் நம் மாவட்டத்து மீனவ ஊர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் கரையில் மணல் குறைவு. ஆகவே நமக்கு நீளப் பாதை தேவையில்லை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து நூறு அடி இருந்தால் போதும். ஆனால் ஆனி, ஆடி மாதக் கடல் எதையும் விட்டுவைக்காது. அதனால் கழற்றி எடுத்து வைக்கிற மாதிரிப் பாதைதான் நமக்குச் சரி.

"கடல் ஆபத்தாச்சே சார்" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களைக் கடல் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. நான் கேட்பது தண்ணீருக்குள் போகிற பாதை இல்லை. மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிற பாதை. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் பாதையை மூட வேண்டும். எச்சரிக்கைப் பலகையும் காவலும் அங்கே இருக்க வேண்டும். அதையும் சேர்த்தே கேட்போம்.

இது சலுகை இல்லை. பொது இடங்களை எல்லோரும் அணுகும்படி அமைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது.

என் கோரிக்கை இரண்டு. முதலாவது, டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று ஒரே ஒரு நாளாவது நம் கடற்கரையில் தற்காலிகப் பாதை போட வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுப்போம். மெரினாவிலும் சில நாட்களில்தான் தொடங்கினார்கள். மனு எழுதி வைத்திருக்கிறேன், லிஃப்ட் பக்கத்து மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது, ஆட்சியரைக் கேட்பதற்கு முன்னால் நம் வாசலைப் பார்ப்போம். லிஃப்டுக்குப் போக நம் கட்டடத்தில் மூன்று படி இருக்கிறது. தினமும் காவலாளியும் நானும் சேர்ந்துதான் நாற்காலியைத் தூக்குகிறோம். அந்த மூன்று படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்ட வேண்டும். செலவில் என் பங்கை இன்றே பொருளாளரிடம் கட்டிவிட்டேன், ரசீதும் வாங்கிவிட்டேன்.

இன்று என் வீட்டுக்காரிக்கு. நாளை நம்மில் யாருக்கு என்று யாருக்குத் தெரியும்? நமக்கும் வயது ஏறிக்கொண்டுதானே இருக்கிறது.

ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.