தமிழாசிரியருக்கு இத்தாலிய மொழி எதற்கு?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ரவாங்கைச் சேர்ந்த தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



“தமிழாசிரியர்களுக்கு வேற்றுமொழிப் பயிற்சி தேவைதானா?” என்பது இன்றைய கேள்வி. மலாயும் ஆங்கிலமும் ஏற்கெனவே தெரியும், தமிழைப் பிழையறச் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று எனக்கு முன் பேசிய நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். இருந்தாலும் நான் “தேவை” என்ற பக்கம்தான் நிற்கிறேன். மொழியைக் கற்பிப்பவர், தமக்கு அறவே தெரியாத ஒரு மொழிக்கு மாணவராகி உட்கார வேண்டும். அப்போதுதான் தம் வகுப்பில் திருதிருவென விழிக்கும் பிள்ளை அவர் கண்ணுக்குத் தெரிவான்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தனிநாயகம் அடிகளாரை நீங்கள் அறிவீர்கள். 1966-ஆம் ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தியவர். 1960-களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் பேராசிரியர். ஆனால் அவர் தமிழை ஆழ்ந்து படித்தது எப்போது என்று நினைக்கிறீர்கள்?

1913-இல் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவில் பிறந்த அவர், 1934-இல் இறையியல் படிக்க ரோமுக்குப் போனார். வகுப்பில் இலத்தீன், வாசலைத் தாண்டினால் இத்தாலியம். 1939 வரை அப்படித்தான். அதன் பிறகு திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியரானபோதுதான், ஒரு பண்டிதரிடம் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார். அதுவும் போதாதென்று, முப்பது வயதைக் கடந்த பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியராக இருந்துகொண்டே மாணவராவதற்கு அவர் வெட்கப்படவில்லை.

அவர் கற்ற ஐரோப்பிய மொழிகள் வீண்போகவும் இல்லை. 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் - போர்த்துகீசிய அகராதியின் பிரதி ஒன்று வத்திகன் நூலகத்தில் இருந்தது. அதை வெளிக்கொணர்ந்து, 1966-இல் நம் கோலாலம்பூரிலேயே மறுபதிப்பாகத் தந்தவர் அவர்தான். வேற்றுமொழி படித்தவர் தமிழை விட்டுப் போய்விடுவார் என்று அஞ்சுகிறவர்களுக்கு இது ஒன்றே போதுமான பதில்.

சரி, இன்று நம் தமிழாசிரியர் ஒருவர் விடுமுறையில் இத்தாலிக்குப் போய், அந்நிய மாணவர்களுக்கென்றே பல்கலைக்கழகம் வைத்திருக்கும் பெருஜியா நகரில் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

காலையில் எழுத்துகளே காலை வாரும். சி, ஏ, ஆர், ஏ என்ற நான்கு எழுத்துகளைப் பார்த்ததும் நம் நாக்கு மலாய்ப் பழக்கத்தில் “சாரா” என்று வாசிக்கும். வழிமுறை என்று பொருள் கொள்ளும். இத்தாலியத்தில் அது “காரா”. அன்புக்குரியவள் என்று பொருள். அடுத்து, “பாலா” என்றால் மண்வாரி. லகரத்தை அழுத்தி “பால்லா” என்றால் பந்து. இது நமக்குப் புதிதல்ல. “பலி”யை அழுத்தினால் “பல்லி” ஆகிறதே!

மதியம் இலக்கணம். பார்லோ, பார்லி, பார்லா. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார். நம் தமிழைப் போலவே வினையின் விகுதி ஆளைக் காட்டிவிடுகிறது. “நான்”, “நீ” என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆகா, நம் சொந்தக்கார மொழி போலிருக்கிறதே என்று மகிழும் வேளையில், நாற்காலி பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பார்கள். உயிரற்றதை எல்லாம் அஃறிணையில் அடக்கிய நமக்குத் தலை சுற்றும். ஏன் என்று கேட்டால், “அது அப்படித்தான்” என்ற பதில்தான் வரும்.

மாலையில் கடைக்குப் போனால், இருபது ஆண்டு மேடையில் முழங்கியவர் ஒரு கோப்பை காப்பி கேட்கச் சொல் கிடைக்காமல் விரலை நீட்டுவார். மனத்தில் கருத்து நிறைய இருக்கிறது, வாயில்தான் சொல் இல்லை. அன்று பிறர் சிரித்தால், மறுநாள் அவர் வாய் திறக்க மாட்டார்.

இப்போது இதே பயணத்தை எதிர்த்திசையில் செய்த ஒருவரைப் பாருங்கள். 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, முப்பது வயதில் இந்தியாவுக்கு வந்து தமிழ் கற்று வீரமாமுனிவர் ஆனார். அக்காலத்தில் எகர, ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்பதைக் காட்டும் புள்ளியை ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் இடுவதில்லை. தமிழிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இடம் பார்த்து வாசித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது குறையாகவே படவில்லை. புதிதாகப் படிக்க வந்தவர் காலில்தான் அந்த முள் குத்தியது. குறிலையும் நெடிலையும் வடிவத்திலேயே பிரித்துக் காட்டும் திருத்தம் அவருடையது என்று சொல்கிறோம். இன்று நம் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1732-இல் அவர் முடித்த சதுரகராதியும், பேச்சுத் தமிழுக்கு எழுதிய இலக்கணமும், கற்பவரின் சிரமம் அறிந்தவர் செய்த பணிகள்.

நேயர்களே, இது இத்தாலியைப் பற்றிய பேச்சல்ல. ரவாங்கைப் பற்றியது, கிள்ளானைப் பற்றியது. வீட்டில் ஆங்கிலமோ மலாயோ பேசிவிட்டு, முதலாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நமக்குத் தாய்மொழி, அந்தப் பிள்ளைக்கோ அது பெருஜியா வகுப்பு! லகர, ளகர, ழகரம் அவனுக்குப் “பாலா”, “பால்லா” போலத்தான். “தமிழனாகப் பிறந்துவிட்டு இதுகூட வரவில்லையா?” என்று நாம் கேட்கும் ஒரு கேள்வி, அவன் வாயை ஆறாண்டுக்கு அடைத்துவிடும். நாளை அவன் தன் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவானா?

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. இத்தாலிக்குப் போக வேண்டாம். மாண்டரினோ, தெலுங்கோ, ஏதேனும் தெரியாத மொழி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரவாங்கில் கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்குவதற்குள் ஒரு பாடம் படிக்கலாம். தடுமாறுங்கள். எந்த இடத்தில் தடுமாறினீர்கள், யார் எப்படிச் சொன்னபோது புரிந்தது என்று குறித்து வையுங்கள். மறுநாள் வகுப்பில் அந்தக் குறிப்பைப் போல் உதவும் பயிற்றியல் நூல் வேறில்லை.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒன்று. பிள்ளை தவறாகத் தமிழ் பேசினால் சிரிக்காதீர்கள்; சரியான சொல்லை நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். தவறாகவேனும் பேசுகிற பிள்ளையைத் திருத்திவிடலாம். பேசுவதையே நிறுத்திவிட்ட பிள்ளையை எப்படித் திருத்துவது?