புகை எங்கிருந்து வந்தது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியில் படித்து, வெளியே போய் இயற்பியல் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவன் நான். பெருமை பேசத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் ஒரு தப்பை ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

ஒரு நாள், தடையின்றி விழும் பொருள் பற்றிப் பாடம். நம்ம ஊர் உதாரணமாக இருக்கட்டுமே என்று ஒகேனக்கல் அருவியை எடுத்துக்கொண்டேன். உயரம் சுமார் 20 மீட்டர். காற்றுத் தடையைப் புறக்கணித்தால் தண்ணீர் 2 விநாடியில் கீழே வந்துவிடும். வேகம் விநாடிக்குச் சுமார் 20 மீட்டர். பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், அப்போ அந்தப் புகை எப்படி சார் வருது?"

நியாயமான கேள்வி. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. புகையும் பாறை என்பதுதான் ஊரின் பெயரே. நானோ, "அது பரீட்சைக்கு வராது, உட்காருப்பா" என்றேன். உட்கார்ந்தான். அப்புறம் அவன் கேள்வியே கேட்கவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: விழும் தண்ணீர் காற்றில் சிதறி, பாறையில் மோதித் தெறித்துப் பொடிப்பொடியாகிறது. அதே உயரத்திலிருந்து கல்லைப் போட்டால் நம் சூத்திரம் கிட்டத்தட்டச் சரியாக வரும். பொடித் துளிக்குக் காற்றுத்தான் எல்லாம், அது மிதக்கிறது.

மழையைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழுந்தால், துளி விநாடிக்கு 140 மீட்டர் வேகத்தில் வந்து அடிக்கும். நம்ம மாந்தோப்பில் ஒரு பிஞ்சு மிஞ்சுமா? காற்று தடுப்பதால்தான் பெரிய துளிகூட விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தோடு நின்றுவிடுகிறது.

அதற்காகச் சூத்திரம் பொய்யாகிவிடுமா? ஆகாது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கீழே விட்டார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. காற்றை முதலில் ஒதுக்கி வைத்ததால்தான் புவியீர்ப்பு நமக்குத் தனியாகப் புரிந்தது. ஒதுக்கியதை மறைத்ததுதான் என் தப்பு.

ஆசிரியராகப் போகிறவர்களே, உராய்வில்லாத தளம், எடையில்லாத நூல் என்று கரும்பலகையில் எழுதும்போது, எதை விட்டோம், ஏன் விட்டோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மாணவர்களே, எழுதாவிட்டால் எழுந்து கேளுங்கள். உட்காரச் சொன்னாலும் இன்னொரு தடவை கேளுங்கள்.